குன்னத்தில் குடித்துக்கொள்ளலாம்

எங்கள் இல்லத்துக்குள் யார் நுழைந்தாலும் முதலில் மூக்கைத்தான் நீட்டுவார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, மேடம். விசாரணைக்கு வந்த அன்று நீங்களும் வாசலில் நின்று ஒரு தரம் மூச்சை இழுத்துப் பார்த்தீர்கள். ஒன்றும் இல்லை, இல்லையா? பினாயில் வாடைகூட இருந்திருக்காது. வெயிலில் காய்ந்த துணியின் வாசனைதான் இருந்திருக்கும்.

நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். முதல் என்றால் அந்த மூக்குதான்.

என் பெயர் மேகலா. ஊர் ஆண்டிமடம். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற சாலையில் உள்ள இந்த மறதி நோயாளிகள் இல்லத்தில் ஆறு வருஷமாக மேற்பார்வை பார்த்தேன். தங்கியிருந்தவர்கள் பதினான்கு பேர். கவனிக்க நானும் ஜோதியும், சமையலுக்கு வேணி. முதலாளி அரங்கநாதன் சார் மாதம் ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். எல்லாம் என் பொறுப்பு. அவரை இதில் இழுக்க வேண்டாம்.

இந்த வேலைக்கு முன்னால் என் மாமியாரை நான்கு வருஷம் பார்த்துக்கொண்டேன். அவருக்கும் இதே மறதிதான். இருந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விடுவார். அவருக்கு மூன்று மகள்கள். முதலில் வாரம் ஒரு தரம் வந்தார்கள், பிறகு மாதம் ஒரு தரம். பிறகு வாசலோடு நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா எப்படி இருக்காங்க அண்ணி" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். கடைசி ஒரு வருஷம் ஒருத்தியும் வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் மூக்குக்கும் மூடி கிடையாது. பெற்றவளைப் பார்க்கப் பிள்ளைகள் வராமல் போவது பாசம் இல்லாததால் அல்ல, நாற்றத்தால்தான் என்று அப்போது தெரிந்துகொண்டேன். எனக்கு அது மிகுந்த வருத்தமாக இருந்தது.

இல்லத்தில் சேர்ந்ததும் திருச்சியில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் ஒவ்வொருவரையும் கைபிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார்கள். இரண்டு பேர் பதினான்கு பேரை அப்படிக் கூட்டிப்போனால், கடைசி ஆளை உட்காரவைப்பதற்குள் முதல் ஆள் நனைத்திருப்பார். நாலு மாதம் செய்து பார்த்தேன், முதுகு விட்டுப்போயிற்று. டயப்பர் கட்டினால் புண் வருகிறது. வாடையும் போவதில்லை.

தண்ணீரில் நான் கைவைத்தது ஒரே நாளில் இல்லை. முதலில் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் நிறுத்தினேன். சின்னப் பிள்ளைகளுக்கு எல்லா வீட்டிலும் செய்வதுதான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில், பார்க்க வருகிறவர்கள் கிளம்பும்வரை தருவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பலன் கண்கூடாகத் தெரிந்தது. பத்து நிமிஷத்தில் ஓடுகிற பிள்ளைகள் ஒரு மணிநேரம் ஆற அமர உட்கார்ந்தார்கள். தலை வாரிவிட்டார்கள், நகம் வெட்டிவிட்டார்கள். ஞாயிறன்று நல்லதாக இருப்பது திங்களன்று கெட்டதாகிவிடுமா?

கூடத்தில் இருந்த தண்ணீர் கேனை ஆபீஸ் அறைக்கு மாற்றினேன். காலை இட்லியோடு அரை டம்ளர், மாத்திரைக்கு ஒரு மிடறு, மதியம் ரசம். மருந்து முழுங்க அது போதும். ஒருவர் கழிப்பறையில் பிளாஸ்டிக் மக்கால் மொண்டு குடிப்பதைப் பார்த்தேன். அது சுகாதாரக் கேடு. அன்றிலிருந்து உள்ளே போகிற குழாய்களை வெளியிலேயே மூடிவைத்து, கழுவிவிடும்போது மட்டும் திறந்தேன்.

மறதி நோயில் ஒரு வசதி உண்டு. தண்ணீர் கேட்பவர்களிடம் "இப்பத்தானே குடிச்சீங்க" என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். கொஞ்சம் வெட்கமும் படுவார்கள். ஆண்டிமடத்துக்காரர் செங்கமலம் அம்மா, "அப்புடியா, மறந்தே போச்சும்மா, தப்பா நெனச்சுக்காத" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். தாகம் மறக்குமா என்று கேட்டீர்கள். கேட்டது மறந்துவிடும், மேடம்.

சிங்காரவேலு ஐயாவிடம் மட்டும் அது பலிக்கவில்லை. முப்பது வருஷம் பெரம்பலூர்–அரியலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவருக்கு எங்கள் கூடமே பஸ்தான். சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்களை, "உள்ள தள்ளிப் போங்க, படியில நிக்காதீங்க" என்று அதட்டுவார். குடித்தீர்கள் என்று சொன்னால், "எந்த ஸ்டாப்புல குடிச்சேன், சொல்லு" என்பார். பயிற்சியில் இன்னொரு பாடமும் சொல்லியிருந்தார்கள். மறுத்துப் பேசாதீர்கள், அவர்கள் இருக்கிற உலகத்துக்குள் நீங்கள் போங்கள் என்று. நான் போனேன்.

"ஏம்மா, நாக்கு ஒட்டுது. டிரைவர்கிட்ட சொல்லி வண்டிய ஓரங்கட்டச் சொல்லு."

"குன்னம் வந்துடட்டுங்க ஐயா. அங்க பத்து நிமிஷம் நிக்கும். அங்க குடிச்சுக்கலாம்."

"அதுவும் சரிதான். டைமுக்குப் போவணும்ல."

தலையாட்டிவிட்டுக் காத்திருப்பார். கடமை தவறாத மனிதர். வெளியே சுண்ணாம்புக்கல் லாரி போகிற சத்தம் கேட்டால் பஸ் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வார். ஒரு நாளைக்கு இருபது தரம் கேட்பார். இருபது தரமும் நான் முகம் சுளிக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். ஜோதியைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த ஜோதிதான் ஒளித்து ஒளித்துத் தண்ணீர் கொடுத்தாள். மறைத்தாலும் விடிந்ததும் விரிப்பு காட்டிக்கொடுத்துவிடும். "பாவமா இருக்குதுக்கா" என்றாள். பாவம்தான். வாடைக்குப் பயந்து அவர்கள் பிள்ளைகள் வராமல் போனால் அது பாவமில்லையா என்று கேட்டேன். அவளைச் சமையல்கட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்த வருஷம் வெயில் சித்திரைக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. செங்கமலம் அம்மா முதலில் போனார். பதினொரு நாள் கழித்துப் பூமாலை ஐயா. வந்து பார்த்த டாக்டரிடம், "தண்ணி நல்லாக் குடிச்சாங்க சார்" என்றேன். வயது மூப்பு என்று எழுதிவிட்டுப் போனார். இருவருக்கும் கையில் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளியபடியே நின்றது. அது எதனால் என்று எனக்குத் தெரியும். அதையும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சிங்காரவேலு ஐயாவின் மகன் மணிவண்ணன், பெரம்பலூரில் உரக்கடை வைத்திருக்கிறார். ஞாயிறு தவறாமல் வருவார். "எங்க வூட்டுலகூட இவ்ளோ சுத்தம் கெடையாதுக்கா" என்பார். அவர் வருவதற்கு முன்னால் ஐயாவின் உதட்டு வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவிவைப்பேன். பார்க்கிறவர் மனம் கஷ்டப்படக் கூடாது அல்லவா.

வைகாசி முதல் ஞாயிறு. காலையிலிருந்தே ஐயா கண் திறக்கவில்லை. மணிவண்ணனுக்கு நானே போன் செய்து, வந்து பால் ஊற்றிவிடுங்கள் என்று சொன்னேன். எத்தனையோ பேருக்குக் கடைசிப் பால் ஊற்றியதைப் பார்த்திருக்கிறேன். ஊற்றுவது கடைவாயில் வழிந்துவிடும். இவர் முதல் கரண்டியை முழுங்கினார். இரண்டாவதையும் முழுங்கினார். மூன்றாவது கரண்டி வரும்போது மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தார்.

"குன்னமா?" என்றார்.

மணிவண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க ஐயா, குன்னம்தான்" என்றேன்.

ஐயா வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

"இன்னும் கேக்குறாருக்கா. தண்ணி கொண்டாங்க."

"போதுங்க தம்பி. பொரையேறிடும்" என்று டம்ளரை வாங்கிக்கொண்டேன். அதில் முக்கால்வாசி பால் இருந்தது. கூடத்தில் அப்போது ஐந்து குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. ஐயா நாலரை மணிக்குப் போய்விட்டார். வாய் திறந்தபடியே இருந்தது, துணி வைத்துக் கட்டினோம். தூக்கும்போது விரிப்பைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. மணிவண்ணன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் ஜோதி அவருடைய கடைக்கே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. மூன்று பேரும் தண்ணீர் கேட்டார்கள், நான் தரவில்லை. தராவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் தரவில்லை. இதன் கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை, மேடம். மீதி பதினொரு பேரையும் வேறு இல்லத்துக்கு மாற்றியிருப்பதாகச் சொன்னீர்கள். ஜோதியும் அங்கேயே வேலைக்குப் போய், அவர்கள் கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுக்கிறாளாம். உள்ளே நுழைந்தால் வாடை அடிக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். ஆனாலும் பிள்ளைகள் ஞாயிறுதோறும் வந்து, ஈர விரிப்பைத் தாங்களே மாற்றிவிட்டு, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கிறார்களாம். அப்பா இல்லாத மணிவண்ணனும் போய் ஒவ்வொருவருக்கும் டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறாராம். இதைக் கேட்டதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் ஜலதோஷமாக இருக்கும்.