விருந்தாளிக்கு நல்ல தட்டு

எங்கள் வீட்டில் நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டுகள் இருந்தன, அட்டர்னி. அம்மா அவற்றைக் கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கி வைத்திருப்பார். நாங்கள் யாரும் அவற்றில் சாப்பிட்டதே கிடையாது. யாராவது வீட்டுக்கு வந்தால் தட்டு வெளியே வரும், மீனின் நடுத்துண்டு வெளியே வரும், புதுப் போர்வை வெளியே வரும். வந்தவர் சாப்பிட்டு முடிக்கிறவரை பிள்ளைகள் நாங்கள் அடுக்களையில் நிற்போம். மிச்சம் இருந்தால் எங்களுக்கு. அதில் எங்களுக்கு வருத்தமே இருந்ததில்லை. நீங்கள் மணிலாவிலிருந்து விசாரிக்க வந்த வக்கீல் என்றாலும் உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் பார்த்த உத்தியோகமும் அந்த அலமாரியைத் திறந்து மூடுகிற வேலைதான். லாபுயான் தீவின் சுற்றுலா அதிகாரி, தியோதோரோ மக்பனுவா என்று பலகையில் எழுதியிருக்கும். தீவில் பாதிப் பேருக்கு நான் வெறும் நீனோங், ஞானத்தந்தை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் எங்கள் ஆட்கள் கொஞ்சம் செல்வாக்குள்ளவராகப் பார்த்துத்தானே கூப்பிடுவார்கள். நாளைக்கு ஒரு வேலைக்கு, ஒரு சிபாரிசுக்கு ஆகும். கூப்பிட்ட எந்த வீட்டுக்கும் நான் போகாமல் இருந்ததில்லை. கொடுத்த எதையும் வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. பெரிய வயிற்று அதிகாரி என்று பின்னால் கேலி பேசுவார்கள். எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

நீங்கள் பொருளாதாரம் படித்திருப்பீர்கள். நான் துறைமுகத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். இந்த நாட்டுக்குச் சோறு வர இரண்டே வழி. எங்கள் ஆட்கள் வெளியே போக வேண்டும், இல்லையென்றால் வெளியாட்கள் உள்ளே வர வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் கடல் அசுத்தமாகிவிட்டது என்று சொல்லி உங்கள் ஊரிலிருந்து வந்து தீவையே மூடினார்கள். ஒரு மழைக்காலம் முழுக்கப் பயணிகள் படகு ஒன்றுகூட வரவில்லை. படகோட்டிகள் முதலில் மோட்டாரை விற்றார்கள், பிறகு படகை விற்றார்கள். பெண்கள் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். அப்படிப் போன ரொசெல் பெட்டியில் திரும்பி வந்தாள். மாடியிலிருந்து தவறி விழுந்துவிட்டாளாம். அந்தப் பெட்டியைத் துறைமுகத்திலிருந்து தோளில் தூக்கியவர்களில் நானும் ஒருவன். இனி ஒரு தடவை இந்தத் தீவை மூட விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ரொசெலின் அக்காதான் விர்ஜி. உங்களிடம் புகார் கொடுத்தவள். அவள் கணவன் ஒனோஃப்ரே படகு ஓட்டுகிறான். பக்காவ் குப்பத்தில், இதோ இந்தச் சமூகக்கூடத்துக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார்கள். அவர்கள் மகள் மயூமிக்கு நான்தான் ஞானத்தந்தை. அந்த உறவில் அவர்களுக்கு நான் கும்பாரே, எனக்கு ஒனோஃப்ரே கும்பாரே. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து ஆசி வாங்குவாள். வாங்கின கையோடு என் சட்டைப் பையைப் பார்ப்பாள். பையில் பால் மிட்டாய் இருக்கும். முன்பல் விழுந்திருந்தது அவளுக்கு. அந்தக் குழந்தை மேல் எனக்கு உண்மையிலேயே பாசம் இருந்தது. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபம், நவநாள், தொடங்கிய அன்று, மலைமேல் இருக்கிற ஹோட்டலின் இன்ஜினியர் செரஃபின் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தத் திருவிழா மாதிரி இங்கே முன்பு நடந்ததில்லை. அமைச்சகத்து ஆட்கள் வருகிறார்கள். கொரியா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்று பயண நிறுவனத்துக்காரர்கள் கூட வருகிறார்கள். அவர்களுக்குத் தீவு பிடித்துவிட்டால் எங்கள் பெண்கள் யாரும் பெட்டி கட்ட வேண்டியதில்லை. ஹோட்டலில் ஓர் அறைகூடக் காலியில்லை.

"சார், கழிவுத் தொட்டி தாங்காது. இப்பவே வழியுது," என்றார் செரஃபின்.

"எந்தப் பக்கம் வழியுது?"

"வெள்ளை மணல் பக்கம். நாளைக்கு வெயில் ஏறினா நாத்தம் ஊரைக் கூட்டிரும்."

"வேற பக்கம் திருப்ப வழி கிடையாதா?"

"பின்னாடி ஒரு வால்வு இருக்கு. திறந்தா ஓடைக்குப் போயிரும். ஆனா ஓடை போய் ஊத்துல கலக்குது சார். குப்பத்துக் குழாய்க்கு அந்த ஊத்துதான். பேசாம பாதி ரூமைக் காலி பண்ணச் சொல்லுங்க."

"திருவிழாவுக்கு வந்தவங்களைப் போங்கன்னு சொல்றதா?"

"அப்ப நீங்களே பாத்துக்கங்க. நான் அதைத் தொட மாட்டேன். எனக்கும் புள்ளைங்க இருக்கு."

அவர் தொடவில்லை, அட்டர்னி. அவரைப் பிடித்து வைத்திருப்பது நியாயமில்லை. நான்தான் திருப்பினேன். கைப்பிடி துருப்பிடித்திருந்தது, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு திருப்ப வேண்டியிருந்தது. ஒரு பக்கம் விருந்தாளிகள், ஒரு பக்கம் வீட்டு மனிதர்கள். எதை எந்தத் தட்டில் வைப்பது என்று எங்கள் அம்மா ஒருநாளும் யோசித்து நின்றதில்லை. நானும் அதிகம் யோசிக்கவில்லை.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் இங்கே ஒருவரிடம் சொன்னால் அடுத்த நிமிடம் எல்லாருடைய போனிலும் இருக்கும். சாயங்காலம் மணிலாவில் இருக்கும். மறுநாள் காலையில் துறைமுகத்துக்குச் சங்கிலி போட்டுவிடுவார்கள். நான் குப்பத்து ஆட்களை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் பிழைப்பு அல்லவா அது.

நவநாள் பாதியில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. துறைமுகத்தில் வரவேற்பு நடனம் ஆட வேண்டிய வரிசையில் அங்கங்கே ஆள் குறைந்தது. பள்ளியிலிருந்து வேறு குழந்தைகளைக் கூட்டி வந்து நிறுத்தினேன். உடை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது, ஊசி குத்திச் சரி செய்தோம். மயூமிக்கும் முடியவில்லை என்று கேள்விப்பட்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு போனேன். குழந்தை பாயில் சுருண்டு படுத்திருந்தது. கையை நீட்டினேன். எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்ள அதற்குத் தெம்பு இல்லை. நானே வைத்தேன்.

"என்ன சாப்பிட்டா?" என்று விர்ஜியிடம் கேட்டேன்.

"எப்பவும் போலத்தான் கும்பாரே. நேத்து மட்டிச் சிப்பி வாங்கி அவிச்சேன். எல்லாரும்தான் தின்னோம்."

"அதான். இந்த மாசத்து மட்டி ஆகாது. பாத்து வாங்கக் கூடாதா விர்ஜி?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. சட்டியை எடுத்துப் போய் மண்ணைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். பிறகு குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க உட்கார்ந்தாள். வயிறு போனால் நிறையத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று செவிலி சொல்லியிருந்தாளாம். குழாயில் பிடித்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். நான் அங்கே உட்கார்ந்துதான் இருந்தேன்.

திருவிழாவன்று காலையில் ஒனோஃப்ரே துறைமுகத்தில் என்னிடம் வந்தான். பவளப்பாறை பார்க்க விருந்தாளிகளைக் கூட்டிப்போக அவன் படகைத்தான் ஏற்பாடு செய்திருந்தேன். நல்ல படகு, நிழல் துணி புதிதாகக் கட்டியிருந்தான்.

"கும்பாரே, பொண்ணு கண்ணே திறக்க மாட்டேங்குது. இன்னிக்கு வேற படகு பாத்துக்கங்க. அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடறேன்."

"எல்லாப் படகும் ஊர்வலத்துக்குப் போயாச்சே கும்பாரே. இவங்க ஏறி உக்காந்துட்டாங்க. எறங்குங்கன்னு எப்படிச் சொல்றது? ஒரு சுத்து சுத்திக் காட்டிட்டு வந்துரு. சாயங்காலம் போலாம், நானும் கூட வரேன்."

அவன் படகைப் பார்த்தான், குப்பத்துப் பக்கம் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு படகில் ஏறினான். கூடப் பிறந்தவன் சொன்னால்கூட மறுக்கலாம், பிள்ளையின் ஞானத்தந்தை சொன்னால் மறுக்க முடியாது. அக்கரை ஆஸ்பத்திரியில் மலத்தை எடுத்துச் சோதிப்பார்கள், குடிக்கிற தண்ணீர் எது என்று கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதுவும் நான் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம்தான். மறைக்கவில்லை.

ஊர்வலம் நன்றாக நடந்தது. ஜப்பான்காரர் ஒருவர் கண்கலங்கிவிட்டார். மயூமி சாயங்காலம் வரை இருக்கவில்லை. குப்பத்தில் அந்த வாரம் இன்னும் இரண்டு குழந்தைகள், வாதத்தில் கிடந்த ஒரு பெரியவர்.

துக்கத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியுமா? உச்சி வெயில். வாசலில் துக்க வீட்டு வழக்கப்படி சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சின்ன வெள்ளைப் பெட்டி. வரவேற்பு நடனத்துக்குத் தைத்த மஞ்சள் பாவாடையைப் போட்டுவிட்டிருந்தார்கள். விர்ஜி பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்களிடமெல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மட்டி அவிச்சுக் குடுத்தேன். என் கையாலதான் குடுத்தேன்."

காபி கொடுத்தார்கள், குடித்தேன். பிஸ்கட் கொடுத்தார்கள், தின்றேன். வெயிலுக்கும் காபிச் சூட்டுக்கும் எனக்கு வியர்த்துக் கொட்டியதைப் பார்த்து விர்ஜி எழுந்து போனாள். அலமாரியிலிருந்து கண்ணாடித் தம்ளர் ஒன்றை எடுத்து, அவர்கள் வீட்டில் இருந்த ஒரே நல்ல தம்ளர் அதுதான், குழாயில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"குடிங்க கும்பாரே."

"பரவாயில்லம்மா, வேண்டாம்."

"வேர்த்து ஊத்துதே."

"கையில பாட்டில் இருக்கு."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதும் சீட்டு ஆடுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். இந்தத் தீவில் யாருடைய வீட்டிலும் எதையும் நான் வேண்டாம் என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை. நான் சட்டென்று எழுந்து புறப்பட்டேன். துக்க வீட்டார் வந்தவர்களை வாசல்வரை வழியனுப்பக் கூடாது, இன்னொரு சாவு வந்துவிடும் என்பார்கள். விர்ஜி தம்ளரோடு என் பின்னாலேயே வாசல்வரை வந்தாள்.

"காபி குடிச்சீங்க. அது கொதிச்ச தண்ணி. இது வேண்டாங்கறீங்க."

நான் குனிந்து செருப்பை மாட்டினேன்.

"மட்டி இல்ல," என்றாள். கத்தவில்லை. தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னாள். "மட்டி இல்ல."

தம்ளரை என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அவள் உங்களிடம் வந்தாள். ஆனால் குப்பத்தில் இப்போது யாரும் அவளிடம் பேசுவதில்லை என்பது தெரியுமா? குழந்தையைப் பறிகொடுத்த மற்ற இரண்டு வீட்டுக்காரர்கள்தான் முதலில் வந்து, 'தீவை மூட வெச்சிராதடி' என்று அவள் காலைப் பிடித்தார்கள். ஒனோஃப்ரே வாய் திறப்பதில்லை. விருந்தாளிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் வருகிறான். கொரியாக்காரர்கள் அடுத்த வருடத்துக்கும் சேர்த்து அறை பிடித்துவிட்டார்கள். விர்ஜி வளைகுடாவுக்குப் போக மனுப் போட்டிருக்கிறாளாம். அவள் தங்கை போன அதே ஊருக்கு. இதைக் கேட்டபோது எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இத்தனை செய்தும் ஒருத்தியை என்னால் ஊரில் நிறுத்திவைக்க முடியவில்லை.

வால்வு இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டீர்கள். ஓடைப் பக்கம்தான். புனித வாரம் வருகிறதே, அறையெல்லாம் நிரம்பிவிட்டது. மேயருக்குத் தெரியும். இங்கே எல்லாருக்கும் தெரியும். வசதியுள்ளவர்கள் பாட்டில் வாங்குகிறார்கள், விறகு உள்ளவர்கள் கொதிக்க வைக்கிறார்கள். மற்றவர்கள் குடிக்கிறார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். வால்வைத் திருப்பியது நான். சொல்லாமல் இருந்தது நான். அந்தக் குழந்தையின் சாவை அதன் அம்மா தலையில் வைத்ததும், படகை அக்கரைக்குப் போகவிடாமல் தடுத்ததும் நான். கையெழுத்துப் போடுகிறேன். என் தவறு எது என்று நீங்கள் கேட்டால், அந்தத் தம்ளரைச் சொல்வேன். துக்க வீட்டில் நல்ல தம்ளரில் கொண்டு வந்து நீட்டியதை மறுத்தது தவறு. ஒரு வாய் குடித்திருந்தால் விர்ஜி மட்டிதான் என்று நினைத்துக்கொண்டு ஊரோடு ஒத்து இருந்திருப்பாள். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பேசிப் பேசி உங்களையும் களைக்க வைத்துவிட்டேன். வேண்டாம், அட்டர்னி, அந்தக் கூஜாவைத் தொடாதீர்கள். அது இந்தக் குப்பத்துக் குழாயில் பிடித்தது, கூட்டுகிற பெண்ணுக்காக வைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பாட்டில் வாங்கி வர ஆள் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் எங்கள் விருந்தாளி.