பட்டாதாரர் ஊரில் இல்லை

மார்ச் 3, வியாழன். நேற்று எழுதியதில் ஒரு பிழை. அந்தமான் பயணத்துக்காக அத்தை சந்தோஷமாகத் துணி மடித்துக்கொண்டிருந்ததாக எழுதிவிட்டேன். மாலை வகுப்பு முடிந்து வந்த அசதியில் அவர் கைகளை மட்டும் பார்த்திருக்கிறேன், முகத்தைப் பார்க்கவில்லை. அது கோபம். இன்று மாமாவும் அத்தையும் பேசியதைக் கேட்டபடியே எழுதுகிறேன். ஒன்றிரண்டு சொல் மாறியிருக்கலாம்.

— அந்தக் கட்டம் போட்ட சட்டைய வெளிய எடுத்து வைங்க. அத நான் மடிக்க மாட்டேன்.

— ஏன் அம்சம், அதுக்கு என்ன?

— அது பொங்கலுக்கு உங்க கட்சி ஆபீஸ்ல குடுத்தது. அதப் போட்டுக்கிட்டு எங்கூட நடக்காதீங்க, கடலானாலும் சரி, கரையானாலும் சரி.

— ரைட். சட்டை எறங்கிடுச்சு. வண்டி போலாமா?

— ரிடையர் ஆகி எத்தன வருஷமாச்சு, கண்டக்டருக்கு இன்னும் விசில் வாயவிட்டு எறங்கல. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இந்தத் தேதியில டிக்கெட் போடச் சொன்னது யாரு?

— செல்லதுரைதான் சிங்கப்பூர்லேர்ந்து போட்டான். அப்பா அம்மா கல்யாண நாளைக்கு எங்கயாவது போய்ட்டு வரட்டும்னு...

— நம்ம கல்யாணம் வைகாசியில. இது மாசி.

— சீசன் பாத்துப் போட்டிருப்பான்.

— நேத்து மத்தியானமே அவங்கிட்டப் பேசிட்டேன். அஞ்சாந் தேதியிலேர்ந்து பன்னெண்டுக்குள்ள போடணும்னு அப்பாதான் சொன்னாருங்கறான். பைபாஸ் ரோட்டுக்குக் கல்லு நட அந்த வாரந்தான் சர்வேயர் வர்றாராம். பூதலூர் ஸ்டேஷன்ல டீ ஆத்துறவருக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியாதா?

— தெரியும்.

— தெரிஞ்சுதான் போடச் சொன்னீங்க.

— தெரிஞ்சுதான். உன்ன அங்க நிக்க விடக்கூடாதுன்னுதான். போன தடவ மறியல்ல உன்ன வேன்ல தூக்கிப் போட்டாங்களே, தோள்பட்டை எறங்கி மூணு மாசம் கைய தூக்க முடியாம கெடந்தியே, யாரு ஒனக்குத் தல வாரிவிட்டது?

— வாரிவிட்டதுக்கு நாலு மா வயலா கூலி?

— மாமா பயத்துலதான் அத்தை...

— நீ இரு நீலா. பயமிருந்தா பயம்னு சொல்லணும். இப்படி ஏமாத்தக் கூடாது. கசப்பு மருந்தச் சக்கரையில மறைச்சுக் குடுக்குற வேலைய கிராம நர்ஸா இருந்து முப்பது வருஷம் பாத்தவ நான். எனக்கே குடுக்குறாரு பாரு.

— நீதானே ஆசப்பட்ட அம்சம்? நாலு பக்கமும் தண்ணியிருக்க நடுவுல நின்னு பாக்கணும்னு. கண்ணாடி வச்ச படகு இருக்காம். அடியில மீன் ஓடுறது தெரியுமாம்.

— ஆசப்பட்டேன். இல்லன்னு சொல்லல. அதான் எரியுது. நான் ஆசப்பட்டதையே எடுத்து எம் வாய அடைக்கிறீங்க.

— அடைக்கல. ஒரு வாரம் நிம்மதியா இருந்துட்டு வரலாம்னேன்.

— தாசில்தார் வச்ச சமாதானக் கூட்டத்துல என்ன பேசினோம்? பட்டாதாரர் வயல்ல நின்னா கல்லு ஊனமாட்டோம்னு ஒத்துக்கிட்டாங்களா இல்லையா? எழுத்துல இல்ல, சரி. ஒரு வருஷமா அப்படித்தானே நடக்குது? நடக்க முடியாத குஞ்சிதபாதம் கயித்துக்கட்டில தன் வயல்ல போட்டுப் படுத்தாரு. டேப்பச் சுருட்டிக்கிட்டுத் திரும்பிப் போனாங்க. அவரால முடியுது. நம்ம பட்டா எம் பேர்ல, நான் நிக்கவேண்டிய வாரத்துல என்னத் தீவுக்கு அனுப்புறீங்க.

— நானுந்தானே கூட வர்றேன்.

— காவலுக்கு. முன்னெல்லாம் அந்தமானுக்கு வெள்ளைக்காரன் அனுப்பினான். இப்ப புருஷமாரே அனுப்புறாங்க.

— நீ கோவத்துல பேசுற. ரோடு எப்படியும் வரத்தான் போகுது. நம்ம ஆட்சியில நஷ்ட ஈடாவது ஒழுங்காக் கெடைக்கும். மறிச்சு நின்னா அதுவும் கெடைக்காது.

— நம்ம ஆட்சின்னு சொல்லாதீங்க. எங்கப்பாருக்குப் பட்டா குடுத்தது உங்க ஆட்சிதான், நான் மறக்கல. சும்மாவா குடுத்தாங்க? பண்ணையாரு சமையக்காரர் பேர்ல, செத்துப்போன சித்தப்பா பேர்லன்னு எழுதி மறைச்ச நெலத்த எங்க தெரு ஆளுங்க தேடிக் கண்டுபிடிச்சு, மண்ட ஒடஞ்சு, ஜெயிலுக்குப் போய், கேசு நடத்தி, அப்புறந்தான் குடுத்தாங்க. அடுத்து வந்தவங்க அளந்து குடுக்காமயே இழுத்தாங்க. இப்ப மறுபடி உங்காளுங்க வந்து கல்லு நடுறாங்க. மேல கொடி மாறும்போதெல்லாம் கீழ எங்க வரப்புக்குத்தான் ஆபத்து.

— அந்த மேடையில நானும் கோஷம் போட்டவன்தான். உழுதவனுக்கே நெலம்னு தொண்ட கட்டக் கத்தினவன்.

— கத்தினீங்க. அதக் கேட்டுத்தான் எங்கப்பாரு உங்களுக்குப் பொண்ணு குடுத்தாரு. கண்டக்டர் வேலைக்காக இல்ல.

மாமா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அத்தை செவ்வந்தி அத்தைக்குப் போன் போட்டார். அவர் அத்தைக்கு ஒன்றுவிட்ட தங்கை, எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரர். இரண்டு நாளாக எடுக்காதவர் இன்று எடுத்தார். அத்தை எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டார்.

— செவ்வந்தி, நான் எங்கயும் போகல. சனிக்கிழமையிலேர்ந்து வயல்லதான் இருப்பேன். நீயும் வந்துரு.

— எதுக்குக்கா?

— எதுக்கா? கல்லு நட வரப்போறாங்கடி.

— நீங்க நல்லபடியா தீவப் பாத்துட்டு வாங்கக்கா. மத்தவங்க வயலப் பத்தி நீங்க கவலப்படவேணாம். அத நாங்க பாத்துக்குறோம்.

— செவ்வந்தி? செவ்வந்தி... வச்சுட்டா. என்ன பேச்சுங்க இது? மத்தவங்க வயலா?

— விடு அம்சம். அக்கா பிளேன்ல போறான்னு பொறாம.

— அவளா பொறாமப்படுவா? எனக்குத் தோள்பட்டை எறங்கினப்ப வேன்ல கூட ஏறினவ அவ. உங்க முகம் ஏன் இப்படி வேர்க்குது?

— ரைட்... வேணாம். மொதல்ல உக்காரு.

— நின்னுக்கிட்டே கேக்குறேன். சொல்லுங்க.

— செவ்வாக்கிழம நீ நாகூருக்குப் போயிருந்தல்ல. அஞ்சாந் தேதிக்கு மேல வர்றதாச் சொன்னவங்க அன்னைக்கே நம்ம வயலுக்கு வந்துட்டாங்க. பட்டாதாரர் எங்கன்னு கேட்டாங்க. ஊர்ல இல்லன்னு சொன்னேன்.

— சொல்லிட்டு?

— புருஷன்னு நான் நின்னேன். கல்லு நட்டாச்சு அம்சம். நம்ம வயல்ல மட்டும் அஞ்சு கல்லு. உளுந்து பூத்து நிக்குது, மிதிபடக் கூடாதேன்னு ஒரு கல்ல நானே ஒரு பக்கம் புடிச்சுத் தூக்கிட்டுப் போனேன். செவ்வந்தி வரப்புல நின்னு பாத்துக்கிட்டிருந்தா.

— நான் சம்மதிச்சுட்டேன்னு நெனச்சிருக்கா.

— ஊரே அப்படித்தான் நெனச்சிருக்கும். பன்னெண்டாந் தேதிக்குள்ள மண்ணு கொட்ட வர்றாங்க. அத நீ கண்ணால பாக்க வேணாம்னுதான் டிக்கெட்டு போடச் சொன்னேன். வேற எதுக்கும் இல்ல. சத்தியமா.

அத்தை சத்தம் போடவில்லை. போடுவார் என்று நினைத்தேன், தவறு. மடித்து வைத்திருந்த சேலைகளில் நூல் சேலை ஒன்றை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து உதறினார்.

— நீலா, உனக்குக் காலையில வகுப்பு இல்லல்ல?

— சாயங்காலம்தான் அத்தை.

— அம்சம், என்ன பண்ணப் போற? அது கவர்மெண்டு கல்லு. புடுங்கினா கேசு. இந்த வயசுல கோர்ட்டு வாசல்ல நிக்கப் போறியா?

— எம் மேல எப்படிங்க கேசு போடுவாங்க? பட்டாதாரர்தான் ஊர்லயே இல்லையே. நீங்கதான சொன்னீங்க.

நாளை செய்ய வேண்டியது: விடியும் முன் எழ வேண்டும். பக்கத்து வீட்டில் கடப்பாரை கேட்டு வாங்க வேண்டும். அத்தையோடு முதலில் செவ்வந்தி அத்தை வீட்டுக்கு, பிறகு வயலுக்கு.