பச்சைப் பட்டும் சொல்லாத பெயரும்

தலைமையேற்று இந்த மேடையை நிறைத்திருக்கும் முசியே ருவயே அவர்களே, கையில் கத்தரிக்கோலும் நாவில் கண்டிப்பும் ஏந்தி எங்களையெல்லாம் ஆளாக்கிய மூத்த தையலறைத் தலைவிகளே, பகலெல்லாம் பட்டில் ஊசி ஓட்டிவிட்டு மாலையில் பிள்ளைக்குச் சூப் ஊட்டிய தாய்மார்களே, இன்று புனித காத்தரீன் திருநாள் என்பதால் தலைக்குத் தலை பச்சையும் மஞ்சளுமாய் ஒரு தோட்டத்தையே தொப்பியாகத் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருக்கும், இருபத்தைந்து வயதாகியும் மாப்பிள்ளைக்கு அவசரப்படாத மங்கையரே, இடமில்லாமல் வாசலில் நின்றபடியே கேட்கும் துணி சுமக்கும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த ஒதிலின் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்கள் என்னை அறிமுகப்படுத்தியபோது என் வயதைச் சொன்னார். நான் மன்னித்துவிட்டேன். என் பழைய இடுப்பளவைச் சொன்னார். அதையும் மன்னித்துவிட்டேன். ஆனால் நான் யாரைப் பற்றிப் பேச வந்தேனோ, அவர் பெயரை மட்டும் சொல்லவில்லை. "அந்த அம்மையாரைப் பற்றி ஒதில் பேசுவார்" என்றார். சொல்லும்போதே, கெட்டது அண்டாமலிருக்க மரத்தைத் தொடுவார்களே, அப்படி மேசைக்கு அடியில் விரலால் தொட்டுக்கொண்டார். முசியே ருவயே, நான் பார்த்தேன். அந்த மேசை இரும்பு. பலிக்காது.

சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் சிரிப்பவர்களில் யாராவது ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். பார்த்தீர்களா, கூடமே இருமத் தொடங்கிவிட்டது.

அன்பர்களே, நம் சங்கத்து மாடிப்படி ஓரத்தில் பளிங்குக் கல் ஒன்று பதித்திருக்கிறோம். ஐம்பதுகளில் இந்தப் பாரிஸ் நகரத்தில் பிறந்து, ஒளிர்ந்து, கதவடைத்த தையல் வீடுகளின், அதாவது உடை நிறுவனங்களின், பெயர்களை அதில் பொறிக்கிறோம். கல் கொத்துபவர் நாளைக் காலை வருகிறார், கடைசி வரி ஒன்றுதான் காலி. நம் சங்கத்தின் விதி உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டின் பெயர் கல்லில் ஏற வேண்டுமானால், அந்த வீட்டில் ஊசி பிடித்த ஒருவர் சபையில் எழுந்து, அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்ல வேண்டும். நான் அந்த அம்மையார் நடத்திய வீட்டில் உடையை உடுத்தி நடந்தவள், தைத்தவள் அல்ல. நான் நூறு முறை சொன்னாலும் செல்லாது. அங்கே தைத்தவர்களில் இந்தக் கூடத்தில் இருப்பவர் ஒருவரே. முதல் வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார். மதாம் ஓர்த்தான்ஸ் பிக்கார் அவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். இந்தப் பேச்சு ஊருக்காக அல்ல, உங்களுக்காக.

புகழ் என்பது என்ன? யோசித்துப் பார்த்திருக்கிறேன். பெரிய வீடுகளின் பெயர் இன்றும் நிற்கிறதே, உடையாலா நிற்கிறது? உடை நைந்துபோகும், பூச்சி அரிக்கும், பேத்தி அதை வெட்டித் தலையணை உறை தைப்பாள். விமான நிலையத்தில் விற்கும் வாசனைப் புட்டியால் அல்லவா அந்தப் பெயர் நிற்கிறது? அப்படியானால் புட்டி விற்காதவர் எங்கே போனார்? துணியை மட்டுமே நம்பியவர் எங்கே போனார்? பெண்ணுடம்பைப் பொம்மையாகப் பார்க்காமல், நடக்கும் உடம்பாக, நிமிரும் உடம்பாக, நெரிசலில் நின்று பஸ்ஸை நிறுத்தும் உடம்பாகப் பார்த்தவர் எங்கே போனார்? அவரைக் காலம் மறந்ததா, நாம் மறைத்தோமா?

தொப்பி வைத்த பெண்களே, உங்களுக்கு ஒரு சின்ன வேலை. கோட்டு போட்டிருப்பவர்கள் எழுந்து நில்லுங்கள். பஸ்ஸை நிறுத்துவது போல வலக்கையை உயர்த்துங்கள். இன்னும் நன்றாக. கோட்டின் கீழ் விளிம்பு ஏறியதா? அந்த நீலக் கோட்டில் ஏறவில்லை. அதோ அந்தச் சாம்பல் கோட்டிலும் ஏறவில்லை. தோளையும் கையையும் ஒரே துணியில் வெட்டி, அக்குளில் விரல் நீளத் துண்டு ஒன்றைக் குறுக்காக வைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டை அந்தச் சாய்வில் முதன்முதலில் வைத்தவர் அந்த அம்மையார். அவர் பெயர் தெரியாமல் அவர் கையை நீங்கள் தோளில் சுமக்கிறீர்கள். உட்காருங்கள், நன்றி.

இனிக் கதைக்கு வருகிறேன்.

நம் தொழிலில் பச்சைக்கு என்ன பெயர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பச்சையைத் தைத்தால் வீடு மூடும். ஊசியை முதன்முதலில் பிடித்த நாளிலேயே காதில் போட்டுவிடுவார்கள். அப்படியிருக்க, ஐம்பத்தைந்தாம் ஆண்டு, இதே காத்தரீன் திருநாள் அன்று, அந்த அம்மையார் தையலறைக்குள் ஒரு பட்டுச் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தார். லியோன் நகரத்துப் பட்டு. வெங்காயத்தாளின் அடிப்பகுதி இருக்கிறதே, வெள்ளை முடிந்து பச்சை தொடங்கும் இடம், அந்த நிறம். அதை நீள மேசையில் விரித்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

தையலறைத் தலைவி முன்னால் வந்தார். யார் என்று கேட்காதீர்கள், முதல் வரிசையைப் பாருங்கள்.

"மதாம், இத மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. இதுல ஊசி எறங்காது."

"ஏன் ஓர்த்தான்ஸ், பட்டு அவ்வளவு கெட்டியாவா இருக்கு?"

"உங்களுக்குத் தெரியாததா. இது பச்சை."

"அப்படியா. இன்னைக்கு இந்தப் பொண்ணுங்க தலையில வச்சிருக்கறது என்ன நெறம்?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி தொப்பியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். மதாம் ஓர்த்தான்ஸ் அசரவில்லை.

"தலையில வைக்கிறது வேற மதாம். தைக்கிறது வேற."

அந்த அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். கோபப்படவில்லை, கட்டளையிடவில்லை. "சரி, உங்க கை உங்களோடது" என்று சொல்லிப் பட்டைச் சுருட்டிக்கொண்டு தன் அறைக்குப் போனார். மற்றவர்கள் சாப்பிடக் கீழே இறங்கும் மதிய நேரத்தில் அவரே வெட்டினார், அவரே தைத்தார். என்னை நிற்க வைத்து, என் உடம்பின்மேலேயே வெட்டினார். வாய் நிறையக் குண்டூசியை வைத்துக்கொண்டு எப்படித்தான் பேசுவாரோ.

"என்ன ஒதில், நடுங்கற. பயமா?"

"பயமில்ல மதாம், பசி. எல்லாரும் கீழ சாப்புடறாங்க, வாசனை மேல வருது."

அன்றிலிருந்து எனக்கு ரொட்டியும் பன்றி இறைச்சியும் வாங்கி வைத்தார். கழுத்தில் பெரிய படுக்கை விரிப்பைக் கட்டிவிட்டு, "பட்டு மேல ஒரு துளி வெண்ணெய் பட்டுச்சு, உன்னையும் சேர்த்து வெட்டிடுவேன்" என்பார். நான் ரொட்டியை மென்றுகொண்டிருக்க, அவர் உடையின் தோள்பகுதியை வெட்டினார். அடிக்கடி ஒன்றே ஒன்றைக் கேட்பார். "பஸ் வருது, கையத் தூக்கு." நான் தூக்குவேன். விளிம்பு ஏறினால் பிரித்துவிடுவார். மீண்டும் பஸ் வரும். அந்தக் குளிர்காலத்தில் பாரிஸில் ஓடிய பஸ்ஸையெல்லாம் அந்த அறையில் நிறுத்தியவள் நான்.

பிப்ரவரி வந்தது. அந்தப் பிப்ரவரிக் குளிரை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆறே உறைந்தது. எங்கள் உடைக்காட்சிக்கு வந்தவர்கள் கம்பளிக் கோட்டைக் கழற்றாமலே பொன்னிற நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பச்சை உடை கடைசியில் வந்தது. நான் உடையின் எண் எழுதிய அட்டையை இடக்கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். நடுக்கூடத்தில் நின்று, சொல்லித்தந்தபடியே வலக்கையை உயர்த்தினேன். அமெரிக்காவிலிருந்து வாங்க வந்த ஓர் அம்மாள் என் இடுப்பைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார், திரும்ப என் கையைப் பார்த்தார். மெல்லக் கைதட்டத் தொடங்கினார். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

அப்போதுதான் மேலே, உறைந்திருந்த தண்ணீர்க் குழாய் வெடித்தது.

முதலில் ஒரு சொட்டு. பிறகு ஒரு வாளி. பத்திரிகையில் எழுதும் ஒரு பெருமாட்டியின் ரோமத்தொப்பி அவர் தலையிலேயே நனைந்த பூனையாகிவிட்டது. நாற்காலிகள் கவிழ்ந்தன, கூட்டம் படியில் உருண்டது. தையற்பெண்கள் கதவிடுக்கிலிருந்து சிலுவை போட்டார்கள். நான் கையைத் தூக்கியபடியே நனைந்துகொண்டு நின்றேன். அந்த அம்மையார் திரைக்குப் பின்னாலிருந்து வந்தார், தலைமுடியெல்லாம் தண்ணீர். "கைய எறக்காத ஒதில்" என்றார். "பாரு, ஈரத்துலயும் ஏறல."

அன்பர்களே, அந்த வாரம் இந்த நகரத்தில் எந்தக் குழாய் வெடிக்கவில்லை? எதிர் ரொட்டிக்கடையில் வெடித்தது. மூலைக் காவல் நிலையத்தில் வெடித்தது. காவலர்கள் என்ன பச்சைப் பட்டா உடுத்தியிருந்தார்கள்? யார் கேட்டார்கள் இதை? குளிரால் வெடித்ததை நிறத்தின்மேல் போட்டார்கள், நிறத்தின் பழியைப் பெயரின்மேல் போட்டார்கள். பத்திரிகை கேலி செய்தது. வாங்குபவர் வரவில்லை. மறு ஆண்டு வீடு மூடியது. எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள், பச்சை.

அதோடு நின்றிருந்தால் ஊர்ப்பேச்சு என்று விட்டிருப்பேன். எங்கள் வீட்டில் பொத்தான்துளை போடும் பெண் ஒருத்தி, வீடு மூடுவதற்குச் சில நாள் முன்பே, வேறொரு வீட்டில் வேலை கேட்கப் போனாள். "முன்ன எங்க இருந்த?" என்று கேட்டார்கள். சொன்னாள். "அங்கயா? போயிட்டு வாம்மா. போகும்போது கதவச் சாத்திட்டுப் போ." அவள் தொட்ட நாற்காலியைத் துடைத்தார்களாம். அன்றைக்கே மற்றப் பெண்கள் புரிந்துகொண்டார்கள். யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஒரு வருடம் சொல்லவில்லை, பத்து வருடம் சொல்லவில்லை, பிறகு சொல்லாததே வழக்கமாகிவிட்டது. இன்று வெளிவரும் பெரிய பெரிய புத்தகங்களில் அவர் இல்லை. கேட்கப் போனவர்களிடம் நாம் யாரும் சொல்லவில்லையே, எப்படி இருப்பார்?

இந்த மௌனத்தைத் தொடங்கி வைத்தவர் மதாம் ஓர்த்தான்ஸ் என்று தொழிலில் எல்லாருக்கும் தெரியும். "பச்சைக்குப் பயந்த கிழவி, தனக்கு வேலை கொடுத்த எசமானியின் பெயரையே விழுங்கிவிட்டாள்" என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் இந்தக் கூடத்திலேயே இருக்கிறார்கள். தலையைக் குனிய வேண்டாம், நான் யாரையும் சுட்டப் போவதில்லை. அவர்கள் அறியாத ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

வீடு மூடிய நாள். நான் மறந்து வைத்த குடையை எடுக்கத் திரும்பி வந்தேன். மேல்படியில் இருவர் பேசும் குரல். நான் கீழ்த்திருப்பத்தில் நின்றுவிட்டேன்.

"ஓர்த்தான்ஸ், பொண்ணுங்ககிட்ட சொல்லிடு. எங்க போய் வேலை கேட்டாலும் என் பேரச் சொல்ல வேணாம்."

"என்ன மதாம் பேச்சு இது. ரெண்டு சீசன் போனா வீடு திரும்ப எழுந்திருக்காதா?"

"எழுந்தா எழட்டும். அவங்களுக்குத் திங்கக்கிழமையே வேலை வேணும். என் பேரு அதுக்குக் குறுக்க நின்னா, பேரு நகர்ந்துக்கட்டும்."

"தைக்கமாட்டேன்னு முதல்ல சொன்னவ நான்தான், மதாம். அத நெனைச்சா..."

"நீ தைச்சிருந்தாலும் குழாய் வெடிச்சிருக்கும். அழாத, மூக்கு செவந்துடும். சத்தியம் பண்ணு."

மூக்கை உறிஞ்சிக்கொள்ளும் சத்தம். பிறகு கேட்டது.

"சத்தியம் மதாம்."

பயத்தால் அல்ல அன்பர்களே, பயத்தால் அல்ல. இந்த அம்மாள் பழியைச் சுமந்தார், பரிகாசத்தைச் சுமந்தார், கொடுத்த வாக்கைக் கைப்பைக்குள் வைத்து மடியில் இறுக்கிக்கொண்டு இத்தனை காலம் உட்கார்ந்திருந்தார். ஒருவர் தன் பெயரைக் கொடுத்து மற்றவர்க்குச் சோறு வாங்கினார். இன்னொருவர் தன் மானத்தைக் கொடுத்து அந்தக் கொடையைக் காத்தார். இரண்டு பெண்களுக்கும் நடுவில் ஒரு மாடிப்படி, அதன் கீழே ஒரு குடைக்காரி. எனக்குக் கொடுத்த வாக்கு அல்ல என்பதால் நானும் இதுவரை பேசவில்லை. இன்றும் அந்தப் பெயரை அவருக்கு முந்திக்கொண்டு சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

மதாம் ஓர்த்தான்ஸ், அந்த அம்மையார் லுவார் ஆற்றங்கரையில் ஒரு சிற்றூரில், தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கும் சிறுமிகளுக்கு வெள்ளை உடை தைத்துக்கொண்டிருந்தார். போன வசந்தத்தில் இறந்துவிட்டார். அந்தப் பொத்தான்துளைப் பெண்ணுக்குப் பேரன் பிறந்துவிட்டான். திங்கட்கிழமை வேலை கேட்டுப் போக வேண்டியவர்கள் உங்கள் தையலறைப் பெண்களில் இனி யாரும் இல்லை. நீங்கள் காத்த வாக்கு தன் வேலையை முடித்துவிட்டது. இனிக் காலியாக இருப்பது கல்லில் ஒரு வரி மட்டும்தான்.

எழுகிறார். பொறுங்கள், கைதட்ட வேண்டாம். அந்த ஒலிபெருக்கியை அவரிடம் கொடுங்கள். இல்லை மதாம், அப்படியல்ல, இப்படிப் பிடிக்க வேண்டும்.

"பச்சைய நான் இன்னைக்கும் தொடமாட்டேன். அத எழுதிக்குங்க. ஆனா நான் ஊசி பிடிச்ச வீடு எர்மீன் வால்துவா வீடு. எர்மீன் வால்துவா. தப்பில்லாம கொத்தச் சொல்லுங்க."

இனி யாரும் இரும வேண்டாம், யாரும் மரத்தைத் தொட வேண்டாம். முசியே ருவயே, உங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள், நான் முடித்துவிட்டேன். நேரம் தந்த தலைவருக்கும், பொறுமை தந்த சபைக்கும், எழுந்து நின்ற மதாம் ஓர்த்தான்ஸ் பிக்கார் அவர்களுக்கும் என் நன்றி. பேச்சைத் தொடங்கும்போது இங்குள்ள எல்லாருக்கும் வணக்கம் சொன்னேன், ஒருவருக்கு மட்டும் சொல்லாமல் விட்டேன். எர்மீன் வால்துவா அவர்களே, நான் கையை இன்னும் இறக்கவில்லை. உங்களுக்கு என் வணக்கம்.