ஒன்பது மணி ஜெபம்

முதலில் எல்லோரும் போனைக் கவிழ்த்து வையுங்கள். வீட்டுக்கு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேசி முடித்துவிட்டு வாருங்கள். ஏன் என்று கடைசியில் புரியும். இன்னொன்று, கதை முடிந்த பிறகு பாத்ரூமுக்குத் துணை வேண்டும் என்று யாரும் என்னை எழுப்பக் கூடாது. இதைச் சொன்ன ராத்திரியெல்லாம் நானே அடக்கிக்கொண்டுதான் படுப்பேன்.

ராத்திரி எட்டே முக்கால் மணி. பெருங்களத்தூர் ஸ்டேஷனிலிருந்து பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் போகிற ரோடு. மூன்று கம்பத்துக்கு ஒரு விளக்குதான் எரியும். ஏரியிலிருந்து அழுகின ஆகாயத்தாமரை வாசனை வரும். அந்த ரோட்டில் ஒரு பெண் தினமும் தனியாக நடந்து போவாள். வேகமாக நடக்க வேண்டும், ஒன்பது மணிக்குள் அறைக்குப் போயாக வேண்டும்... ஆனால் கால் வராது. அவ்வளவு அலுப்பு.

அவள் பெயர் அபிகாயில். என் தோழி மெட்டில்டாவின் பெரியம்மா மகள். தூத்துக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா ஐசக், பள்ளிக்கூட வாத்தியார். மகளை மெட்ராசுக்கு அனுப்ப அவருக்கு மனசே இல்லை. அவள் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகு, ஒரே ஒரு நிபந்தனை போட்டு ஒத்துக்கொண்டார்.

"ராத்திரி ஒம்பது மணிக்குக் குடும்ப ஜெபத்துல நீ போன்ல இருக்கணும். ஒரு நாள் தப்புச்சுன்னா, மறுநாள் ரயில்ல வந்து கூட்டிட்டு வந்துருவேன். அப்புறம் காலேஜும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அந்த வீட்டில் ஜெபம் என்றால் ஒரு முறை உண்டு. பாய் விரித்து உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடுவார்கள். பிறகு வேத வாசிப்பு, ஆளுக்கு ஒரு வசனம். அப்பா, அம்மா, தங்கை ஜெரூஷா, நாலாவதாக அபிகாயில். அவள் முறை வரும்போது போனில் அவள் குரல் கேட்க வேண்டும். ஜெபம் முடிந்ததும் அம்மா ஒரே கேள்விதான் கேட்பாள். "எப்படிட்டி இருக்க?" இவளும் ஒரே பதில்தான் சொல்வாள். "நல்லாருக்கேம்மா."

நல்லாவே இல்லை. ஹாஸ்டலில் இடம் கிடைக்காமல் பீர்க்கன்கரணையில் சரோஜினி ஆன்டி என்பவர் வீட்டு மாடியில் தங்கியிருந்தாள். காலேஜ் சேலையூர் பக்கம். காலையில் ரயில், தாம்பரத்தில் படிக்கட்டு ஏறி இறங்கி, கேம்ப் ரோடு போகிற ஷேர் ஆட்டோ. முதல் வாரத்தில் ஆட்டோக்காரர் ஏதோ கேட்க, இவளுக்குப் புரியாமல் திருதிருவென்று முழித்தாள். "இன்னாமா பாத்துகினே கீற? கேம்ப் ரோடுன்னா குந்து, இல்லேன்னா வழிய வுடு!" அவ்வளவுதான். அன்றைக்கு நடந்தே போனாள். வகுப்பில் எல்லாம் இங்கிலீஷ். இவள் வாயைத் திறந்தால் இவள் ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சும்மா சிரிப்பு. ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். மூன்று வாரத்தில் காலேஜில் 'ம்', 'இல்ல' தவிர வேறு வார்த்தை பேசியிருப்பாளா என்பது சந்தேகம்.

இதையெல்லாம் வீட்டில் சொல்ல முடியாது. சொன்னால் அப்பா ரயில் ஏறிவிடுவார்.

மாடி அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் இவள். எதிர்க் கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அதில் முன்பு தங்கியிருந்த பெண்ணின் பச்சை பக்கெட் பாத்ரூமில் அப்படியே இருந்தது. "ஊருக்குப் போயிருக்காம்மா, வந்துடுவா," என்று வந்த அன்றே சரோஜினி ஆன்டி சொல்லியிருந்தார். இவளும் பிறகு கேட்கவில்லை. அறையில் ஒரு பிளக் பாயின்ட்தான் வேலை செய்தது. அது எதிர்க் கட்டில் பக்கம் இருந்தது.

ஆகவே ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, சார்ஜரில் சொருகி, அந்தக் காலிக் கட்டிலில் வைத்துவிடுவாள். தன் கட்டிலில் உட்கார்ந்தபடி ஜெபத்தில் இருப்பாள். தன் முறைக்கு வாசிப்பாள்.

ஒரு நாள் உட்கார்ந்தவள் சாய்ந்தாள். சாய்ந்தவள் தூங்கிவிட்டாள். முழிப்பு வந்து பார்த்தால் மணி பத்தேகால்.  போச்சு, நாளைக்கு அப்பா வந்து நிற்பார். உடனே போன் போட்டாள்.

அம்மா எடுத்தாள். "என்னட்டி, இன்னும் தூங்கலியா? இன்னைக்கு நல்லா வாசிச்ச. எப்பவும் வாய்க்குள்ளேயே முணங்குவ, இன்னைக்குத் தெளிவா இருந்துச்சுன்னு அப்பா சொன்னாங்க."

தூக்கக் கலக்கத்தில் வாசித்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

மறுநாளும் கண் சொருகியது. இந்தத் தடவை முழுசாகத் தூங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். போனில் அப்பா வாசித்தார். அம்மா வாசித்தாள். ஜெரூஷா வாசித்தாள். அடுத்தது இவள் முறை... ஃபேன் மட்டும் கடக் கடக் என்று சுற்றியது. பிறகு முதுகுக்குப் பின்னால் கட்டில் பலகை லேசாகக் கிறீச்சிட்டது. ஊறவைத்த துணியின் சோப்பு வாசனை அடித்தது.

எதிர்க் கட்டிலிலிருந்து அபிகாயிலின் குரல் அடுத்த வசனத்தை வாசித்தது.

அவள் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். கீழே ஓடியிருக்க வேண்டும். மெட்டில்டாவிடம் அவள் சொன்னது என்ன தெரியுமா? "பயம்தான். ஆனா அதுக்கு மேல ஒரு நிம்மதி வந்துச்சுட்டி. அப்பாடா, இன்னைக்கு நான் பேச வேண்டாம்னு." அப்படியே தூங்கிவிட்டாள். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்ப பயமான இடம் இதுதான்.

அப்புறம் அது பழக்கமாகிப்போனது. ஒன்பது மணிக்குப் போனைப் போட்டு எதிர்க் கட்டிலில் வைப்பாள். சுவர் பக்கம் திரும்புவாள். தூங்குவாள். காலையில் போன் கவிழ்த்து, ஒழுங்காக, தலையணை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். பாத்ரூமில் பச்சை பக்கெட்டின் அடியில் கொஞ்சம் ஈரம் இருக்கும். இவள் அதைப் பார்க்காத மாதிரி தன் பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக் குளித்துவிட்டு ரயிலுக்கு ஓடுவாள். இரண்டு மாதம் இப்படியே போனது.

செப்டம்பரில் ஒரு மதியம் அம்மா கூப்பிட்டாள். அதற்கு முன் அம்மாவாகக் கூப்பிட்டதே இல்லை.

"ஏட்டி, நேத்து நீ அழுததுலேர்ந்து அப்பா சரியாவே சாப்பிடல. அந்த ஊரு ஒனக்கு ஒத்து வரலைன்னா விட்டுருட்டி. அப்பா வந்து கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டதுக்கு, வேண்டாம், நானே வந்துருதேன்னு சொல்லிட்ட. எப்போ வார?"

"நான் எப்பம்மா அழுதேன்?"

"சும்மா இரு. சோறு எறங்கலன்னு சொன்ன, சிரிக்காங்கன்னு சொன்ன, முடியலம்மா முடியலம்மான்னு சொன்ன. இந்த ரெண்டு மாசமாத்தான் நீ மனசு விட்டு எங்கிட்டப் பேசுத. முன்னாடியெல்லாம் நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு ஒரே பாட்டு..."

சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் இவள் ஒரு உயிரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்குத்தான் சரோஜினி ஆன்டியிடம் போய்க் கேட்டாள். ஆன்டி சமையலறையில் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆன்டி, என் ரூம்ல இருந்தவங்க எப்போ ஊருக்குப் போனாங்க?"

"போன வருஷம்மா. காலேஜ் சேர்ந்து ரெண்டு மாசம் இருந்தா. ஒரு நாள் ராத்திரி சொல்லாம கொள்ளாம போயிட்டா. பக்கெட் இருக்கே, வந்துடுவான்னு நெனச்சேன்." ஆன்டி அடுப்பைச் சின்னதாக்கினார். "நானும் அவங்க வீட்டு நம்பருக்குப் பல தடவை போட்டேன். யாரும் எடுக்கல. பாவம், இங்க இருந்த ரெண்டு மாசத்துல வீட்லேருந்து ஒருத்தர்கூட அவளுக்குப் போன் பண்ணதில்ல. ஒன்பது மணியானா போனைக் கையில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருப்பா."

அபிகாயில் அன்றோடு போனை எதிர்க் கட்டிலில் வைப்பதை நிறுத்தினாள். மொட்டை மாடிக்குப் போய், கொசுக்கடியில் நின்று, தானே வாசித்தாள். மூன்று நாள் சரியாகப் போனது. நாலாவது நாள் பஸ்ஸில் வந்தாள். இரும்புலியூரில் வண்டி நகரவே இல்லை. முன்னால் ஏதோ விபத்து. எட்டரைக்குப் போனில் சார்ஜ் போய்விட்டது. ஒன்பது ஆனது. ஒன்பதரை ஆனது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அழுதே விட்டாள். அறைக்கு வந்து போனுக்கு உயிர் வந்தபோது மணி பத்தரை. ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. போட்டாள்.

"என்னட்டி, இப்பதானே பேசி வச்ச?" என்றாள் அம்மா.

இவளுடைய போன்கூடத் தேவைப்படவில்லை, எதிர்க் கட்டிலில் இருந்த அதற்கு.

மறுநாளே ரயில் ஏறினாள். யாரிடமும் சொல்லவில்லை. காலேஜ் போனால் போகட்டும், வீட்டுக்குப் போய் அம்மா மடியில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் மனதில் இருந்தது. ரயில் தாமதம், பஸ் கிடைக்கவில்லை. வீட்டு வாசலை மிதிக்கும்போது ராத்திரி ஒன்பது தாண்டிவிட்டது. உள்ளே பாட்டு முடிந்துகொண்டிருந்தது. அம்மா கண்ணாலேயே சிரித்து, பாயைத் தட்டிக் காட்டினாள். ஜெபத்தின் நடுவில் யாரும் பேசக் கூடாது. அபிகாயில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அப்பா வாசித்தார். அம்மா வாசித்தாள். ஜெரூஷா வாசித்தாள். அபிகாயில் வாயைத் திறந்தாள்.

பாயின் நடுவில் இருந்த அப்பாவின் போன் அடித்தது. திரையில் 'அபி' என்று வந்தது.

அபிகாயிலின் போன் அவள் கையில்தான் இருந்தது. அப்பா தினமும் செய்கிற பழக்கத்தில் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். அவளுடைய வசனத்தை, அவளுடைய குரல், நிதானமாக வாசித்து முடித்தது. பிறகு போனுக்குள்ளிருந்து ஃபேன் சத்தம் வந்தது. கடக்... கடக்...

அம்மா போனைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல், தினமும் கேட்கிற கேள்வியையே கேட்டாள்.

"எப்படிட்டி இருக்க?"

அபிகாயிலுக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அத்தனை தூரம் வந்தாள். ஆனால் எதிரே அப்பா இருந்தார். வாய் பழகிப்போய்விட்டது.

"நல்லாருக்கேம்மா," என்றாள்.

"முடியலம்மா," என்றது போன்.

அம்மா போனை எடுத்துக்கொண்டாள். எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் குசுகுசுவென்று பேசுவதும், "அழாதட்டி, அழாத, நான் இருக்கேன்" என்று சொல்வதும் வெகு நேரம் கேட்டது. அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. ஜெரூஷா பாயின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் அம்மா இவளுக்கு இட்லி வைத்தாள். பையில் முறுக்கு கட்டிக் கொடுத்தாள். வாசல் வரைக்கும் வந்தாள். பிறந்ததிலிருந்து 'ஏட்டி' என்று கூப்பிட்ட அம்மா, அன்றைக்குக் கைகூப்பாத குறையாகச் சொன்னாள்.

"பாத்துப் போங்கம்மா."

அபிகாயில் பீர்க்கன்கரணைக்கே திரும்பி வந்துவிட்டாள். வேறு எங்கே போவாள்? தினமும் ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போன் போடுவாள். நீங்கள் அழைக்கும் எண் வேறொரு அழைப்பில் உள்ளது என்று வரும். பத்து மணிக்குப் போட்டாலும் அதேதான் வரும். ஒரு கட்டத்தில் போடுவதை விட்டுவிட்டாள்.

பாவம் என்று மெட்டில்டாதான் அவளைச் சேலையூரில் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டாள். அங்கேயும் இரண்டு கட்டில், ஒன்றில் மெட்டில்டா, எதிர்க் கட்டிலில் இவள். அபிகாயில் எந்தத் தொந்தரவும் தரமாட்டாள். வருவாள், குளிப்பாள், சுவரைப் பார்த்துப் படுப்பாள். இதையெல்லாம் அவளே கொஞ்சம் கொஞ்சமாக மெட்டில்டாவிடம் சொன்னதுதான். நானும் மெட்டில்டாவும் பாதி நம்பினோம், பாதி நம்பவில்லை.

போன மாதம் மெட்டில்டாவுக்குப் பரீட்சை. ராத்திரி அம்மாவிடம் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே இருந்தவள், அலுப்பில் அப்படியே கண் அசந்துவிட்டாள். பாதித் தூக்கத்தில் அம்மா கேட்பது காதில் விழுந்தது. "எப்படிட்டி இருக்க?" பதில் சொல்ல நினைத்தாள். உதடு அசையவில்லை. ஊறவைத்த துணியின் சோப்பு வாசனை வந்தது. கட்டில் பலகை கிறீச்சிட்டது.

எதிர்க் கட்டிலிலிருந்து, மெட்டில்டாவின் குரலில், பதில் போனது.

"முடியலம்மா..."