அடுத்த மரத்துக்குப் போங்க

கதவைச் சாத்திவிட்டு வா, ராபின். கரண்ட் வரும்வரை இந்தப் புதுவாயல் ரூமில் வேறென்ன செய்வது... சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடு. இது எங்கள் கம்பெனியில் என்னோடு வேலை செய்கிற அருணாவின் பெரியப்பாவுக்கு நடந்தது.

சாயங்காலம் ஆறரை மணி. கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே போகிற பழைய ரோடு. இரண்டு பக்கமும் புளியமரம். வெள்ளைக்காரன் காலத்தில் மாட்டுவண்டிகளுக்கு நிழலாக இருக்கட்டும் என்று வைத்தது. பகலிலேயே அங்கே வெயில் விழாது. அந்த மரங்களில் எத்தனை பேர் தூக்கு மாட்டிக்கொண்டார்கள், எத்தனை பேர் வண்டியோடு மோதிச் செத்தார்கள்... ஊர்க்காரர்களுக்கே தெரியாது. லாரிகள் போய்வர ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று எல்லா மரத்தையும் வெட்டச் சொல்லிவிட்டார்கள்.

வெட்டும் வேலை பெரியப்பாவுக்கு. பெயர் துளசிராமன். மரம் வெட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் சாயங்காலமே மரத்தடியில் கற்பூரம் ஏற்றி, உள்ளே இருப்பவர்களிடம் சொல்லிவிட வேண்டும். அவர் ஒருநாளும் தவறியதில்லை.

"நாளைக்கு வெட்டப்போறோம். கோச்சிக்காம அடுத்த மரத்துக்குப் போயிடுங்க."

அடுத்த மரம். அப்புறம் அதற்கும் அடுத்த மரம்... இப்படியே சொல்லிக்கொண்டு போனார். ரோட்டில் இருந்த அத்தனை பேரையும் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிறோம் என்று அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

அன்றைக்குக் கடைசி மரம். ஆளில்லாத ரோட்டில் தனியாகக் கற்பூரம் ஏற்றினார். காற்று நன்றாக அடிக்கிறது. மரத்தில் ஓர் இலை அசையவில்லை. கிளைகள் எல்லாம் தரையைப் பார்த்துத் தொங்குகின்றன. மேலே... கர்ர்ர்... கர்ர்ர்... பாரம் தாங்காத கட்டில் மாதிரி ஒரு சத்தம். கற்பூர வாசனையை அமுக்கிக்கொண்டு வியர்வை நாற்றம். நெரிசலான பஸ்ஸில் வருமே, அது.

"நாளைக்கு வெட்டப்போறோம். கோச்சிக்காம அடுத்த..."

நிறுத்திவிட்டார். அடுத்த மரம் இல்லை. கம்பெனி காம்பவுண்டும் கரண்ட் கம்பமும்தான் இருந்தன.

மேலே சத்தம் நின்றது. எல்லாரும் அவர் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

பயத்தில் அவர் வாயில் வந்தது ஒரே மரம்தான். "எங்க ஊட்டாண்ட... ஒரு முருங்கை கீது..."

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த வீட்டில்தான் மகள் பூமிகா பிரசவத்துக்கு வந்திருந்தாள். இரண்டு முறை கலைந்து, இப்போதுதான் ஒன்று தங்கியிருந்தது.

தலைக்கு மேலே ஒவ்வொரு கிளையாக நிமிர்ந்தது. இலைகள் சலசலவென்று ஆட ஆரம்பித்தன.

வண்டியை எப்படி ஓட்டிக்கொண்டு வந்தார் என்று அவருக்கே தெரியாது. வீட்டுவாசலில் முருங்கைமரம் தரை தொட வளைந்து நிற்கிறது. விளக்கு வைத்த நேரத்தில் யாராவது கீரை பறிப்பார்களா? பூமிகா அதன் அடியில் நின்று பறித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா பாக்கற? கொம்பு அதுவா தாழ்ந்து குடுக்குது!"

அவளை வீட்டுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார். அரிவாளை எடுத்தார். முருங்கைதானே... நாலே வெட்டு, சாய்ந்துவிட்டது. அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்தது. இந்த மரத்துக்குக் கற்பூரம் ஏற்றவில்லை. எங்கே போகவேண்டும் என்றும் சொல்லவில்லை.

கதவைத் திறந்தார். பூமிகா பாயில் ஓர் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"யாரு நைனா இவங்கள்லாம்? சுத்தி நின்னுக்கினு, எடம் கீதா எடம் கீதான்னு கேக்கறாங்க."

"நீ... நீ இன்னாம்மா சொன்ன?"

"பாவமா இருந்துச்சு நைனா..." வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னாள். "கீதுன்னேன்."