எதிர்வீட்டுக் கீபோர்டு சத்தம்

அந்த வீடேதான் பெரியம்மா. நீலக் கேட்டு, மேல மாடியில ஜன்னலுக்குத் துணி போட்டு மறச்சிருக்குல்லா, அதுதான் நீங்க விசாரிக்க வந்த மாப்பிளை ரூம். வெளிய நின்னு எதுக்குக் கேக்கீக, உள்ள வாங்க. வெயிலு மண்டையப் பொளக்கு. இந்தச் சேர்ல உக்காருங்க, ஃபேன் காத்து இங்கனதான் வரும். இந்தாங்க, மோரு. சிவகிரில இருந்தா வாரீக? பொண்ணுக்குச் சித்தியா? சரி சரி. பொண்ணு பேரு என்ன? சிவப்ரியா. நல்ல பேரு.

வீட்டுல நான் மட்டுந்தான் இருக்கேன். அம்மாவும் அப்பாவும் வயலுக்குப் போயிருக்காக. எதிர்வீட்டுக்காரக வயலுதான், எங்கப்பா குத்தகைக்குப் பாக்காக. நாங்களா? நாங்க வேற ஆளுக பெரியம்மா. அவுக வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் கொள்வினை குடுப்பினையெல்லாம் வராது. அதனால நீங்க தைரியமாக் கேக்கலாம். ஒறவுக்காரங்கன்னா பூசி மெழுகிச் சொல்லுவாக.

எம்பேரு வேல்விழி. நீங்க எங்கிட்ட விசாரிக்க வந்தது நல்லதாப் போச்சு. சிரிக்காதீக, நெசமாத்தான் சொல்லுதேன். நானும் கம்ப்யூட்டர் வேலதான் வீட்டுல இருந்து பாக்கேன். அதுலயும் கொற கண்டுபிடிக்கிற வேல. டெஸ்டர்ம்பாக. ஒருத்தரு எழுதிக் குடுத்த புரோகிராம இப்படி அமுக்கி அப்படி அமுக்கி, எங்கன ஒடையுதுன்னு பாத்துச் சொல்லணும். நான் ஓகேன்னு போட்டாத்தான் வெளிய போகும். இல்லன்னா திரும்ப அவங்கிட்டயே போயிரும். அவங்கிட்டன்னா, எழுதினவங்க யாரோ அவங்ககிட்ட.

குடியெல்லாம் கிடையவே கிடையாது. சிகரெட்டும் இல்ல. கெட்ட பழக்கம்னு தேடிப்பாத்தா கீபோர்டு ஒண்ணுதான். கேக்குதா உங்களுக்கு? டக்கு டக்குன்னு தெருவத் தாண்டி வருது பாருங்க. அது சாதா கீபோர்டு இல்ல. ஒவ்வொரு பட்டனாக் கழட்டி, உள்ள பிரஷ்ஷால எண்ண தொட்டுத் தடவி, திரும்ப மாட்டுவாரு. ஞாயித்துக்கெழம ஆனா இதே சோலிதான். போன பொங்கலுக்குப் புதுசா ஒண்ணு வாங்குனாரு. ரெண்டாப் பொளந்து கெடக்கும், இந்தக் கைக்கு ஒரு துண்டு, அந்தக் கைக்கு ஒரு துண்டு. அவுக அம்மா அதப் பாத்துட்டு, கொரியர்காரன் ஒடச்சுட்டான்னு வாசல்ல நின்னு அந்தப் பாவப்பட்ட மனுசன்கிட்ட ஒரு சண்ட போட்டாக பாருங்க, தெருவே கூடிட்டு.

அந்தச் சத்தத்த வச்சே ஆளு எப்படி இருக்கான்னு சொல்லிரலாம் பெரியம்மா. இப்படி ஒரே சீரா வந்தா வேல நல்லா ஓடுதுன்னு அர்த்தம். விட்டு விட்டு வந்தா மேனேஜர் ஏதோ சொல்லிட்டான். ஒரே பட்டன அமுக்கிட்டே இருந்தா, எழுதினத எல்லாம் அழிக்கான். அன்னைக்கு அவங்கிட்ட யாரும் பேசக்கூடாது.

அவன்னா சொன்னேன்? எதிரெதிர் வீடுல்லா. வாயில அப்படியே வந்துருது. நீங்க தப்பா எடுத்துக்கிடாதீக.

அப்புறம் காப்பிக் கிறுக்கு ஒண்ணு உண்டு. கொட்டைய தராசுல நிறுத்து, கையால சுத்தி அரச்சு, சொட்டுச் சொட்டா எறக்கி, பாலு இல்லாம சீனி இல்லாம குடிக்கணும். அவுக அம்மா தலையில அடிச்சுக்கிடுவாக. வேப்பங்கொழுந்துக் கசாயம் தேவல பெரியம்மா, நான் குடிச்சுப் பாத்தேன். எங்கன வச்சுக் குடிச்சேனா? ஒருக்க ஃப்ளாஸ்க்குல குடுத்துவிட்டாக. கசந்து வழிஞ்சுது. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்.

பொம்ம ஹெலிகாப்டர் மாதிரி பறக்குமே, ட்ரோனு, அதுவும் வச்சிருக்காரு. இப்ப பறக்கல, பரணுல கெடக்கு. ஒருநா அத மேல விட்டு, பருந்து ஒண்ணு வந்து ஒரு அடி அடிச்சுது, நேரா எங்க மாடியில மோர் மொளகா காயப்போட்டிருந்த பாயி மேல வந்து விழுந்துட்டு. எங்கம்மா கம்பத் தூக்கிட்டு வந்துட்டாக. நான்தான் துப்பட்டாவுல சுத்தி எடுத்துட்டுப் போயிக் குடுத்தேன். அப்ப நான் பி.எஸ்ஸி முடிச்சுட்டு, தேரடிக்குப் பக்கத்துல ஒரு ஜவுளிக்கடையில பில்லு போட்டுட்டு இருந்தேன். பருந்து அடிச்சதுனால விழல, இந்த எறக்கையில ஏற்கெனவே கீறல் விட்டிருக்கு பாருங்கன்னு காட்டுனேன். அவன் எறக்கையப் பாக்கல, என்னையத்தான் பாத்தான். உனக்கு டெஸ்டிங் நல்லா வரும்னான். அவனே எல்லாம் சொல்லிக் குடுத்து, அவன் கம்பெனியிலயே கேட்டுச் சேத்தும் விட்டான்.

ஆமா, ஒரே கம்பெனிதான். ஒரே டீம். அவன் எழுதுததத்தான் நான் சோதிக்கேன். தெருவுல யாருக்கும் தெரியாது. அவன் அங்கன ஜன்னலச் சாத்திக்கிட்டு, நான் இங்கன ஜன்னலச் சாத்திக்கிட்டு, கம்பெனி இருக்கிற பெங்களூர் வழியாப் பேசிக்கிடுவோம். தெருவுல பாத்தா தல குனிஞ்சு போயிருவோம்.

ஒருநா மாட்டிக்கிடப் பாத்தோம். கோலப்பொடி வண்டி வரும்ல, ஸ்பீக்கரு கட்டிட்டு, இசக்கித்துரை அண்ணாச்சி? மீட்டிங்குல நான் பேசிட்டு இருக்கேன், கோலப்பொடி கலர்ப்பொடின்னு எதிர்வீட்டுல இவன் மைக்ல கேக்கு. அதே சத்தம் அப்படியே எம்மைக்ல வருது. மேனேஜர் கேட்டான், நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுலயா இருக்கீங்கன்னு. எனக்கு வேர்த்துட்டு. இவன் கொஞ்சமும் யோசிக்காம, இன்னும் இல்ல சார்னுட்டான். எல்லாரும் சிரிச்சாக. நான் மைக்க அணச்சுட்டு, இந்தா இந்தச் செவத்துல சாஞ்சு உக்காந்துட்டேன்.

வெளையாட்டுக்குச் சொன்னது பெரியம்மா. ஆபீஸ்ல அப்படித்தான் பேசிக்கிடுவாக. நீங்க மோரக் குடிங்க, சூடாயிரும்.

கொற ஒண்ணு உண்டு. கேட்டீகல்லா, ஒளிக்காமச் சொல்லிருதேன். அவுக வீட்டுத் தண்ணித் தொட்டிக்கு ஒரு மிஷினு செஞ்சு வச்சான். தொட்டி நெறஞ்சா மோட்டார் தானா நின்னுரும், போன்லயே தெரியும். ஊரே வந்து பாத்துட்டுப் போச்சு. ஒருநா காத்தடிச்சு கரண்ட் போயி வந்துச்சு. மிஷினுக்கு எல்லாம் மறந்து போச்சு. நெறஞ்ச தொட்டிய காலின்னு நெனச்சுட்டு எறைக்கு, நிறுத்தவே இல்ல. மாடியில இருந்து தண்ணி கொட்டுது. அவுக அப்பா காந்திமதிநாதன் சாரு, தாலுகா ஆபீஸ்ல பெரிய வேல பாத்தவுக, வாசல்ல குடையப் பிடிச்சுக்கிட்டு நின்னு கத்துதாக. இவன் மாடிப்படியில நின்னு பேந்தப் பேந்த முழிக்கான். மெயின் சுவிட்ச அணைக்கணும்னு தோணல பாருங்க. நான்தான் இங்கருந்து போன் போட்டு, அணைடா கோமதின்னு அவன் பேரச் சொல்லிக் கத்துனேன்.

கம்பெனியிலயும் இதே கததான். எல்லாம் நல்லபடியா நடந்தா என்ன செய்யணும்னு அம்புட்டு அழகா எழுதுவான். நடக்காட்டி என்ன செய்யணும்னு எழுதவே மாட்டான். நானும் ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்புவேன், ஆகாதுன்னு வந்தா என்ன செய்வ கோமதின்னு. அதெல்லாம் ஆகும் வேலுன்னுவான்.

ஆடித்தவசுத் திருவிழா முடிஞ்ச கையோட அவுக அப்பாகிட்ட ஒரு பொண்ணப் பத்திச் சொன்னான். ஆமா, ஒரு பொண்ணு. ஒளிக்க மாட்டேன்னுதான சொன்னேன். அவுக அப்பா பேப்பர மடிச்சு வச்சுட்டு, ஆகாதுன்னாக. அம்புட்டுதான், ஒரே சொல்லு. இவன் மாடிக்கு ஏறிப்போயி, கீபோர்டக் கழட்டி வச்சு எண்ண போட ஆரம்பிச்சுட்டான். அன்னைக்கு முழுக்கச் சத்தமே இல்ல. நான் கேட்டுட்டே இருந்தேன்.

எனக்குக் கோவம் வந்துச்சு பெரியம்மா. வராம இருக்குமா? ஆனா யார்மேல காட்ட? சத்தமா ஒரு வார்த்த பேசினா எங்கப்பாவுக்கு வயலு இல்ல. எங்கப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. இன்னைக்குக் காலைல கூட, சார் வீட்டுப் பையனுக்கு நல்ல எடமா அமையணும்னு சொல்லிட்டு மம்பட்டியத் தூக்கிட்டுப் போறாக. நான் தூக்குவாளியில சோறு போட்டுக் குடுத்தேன்.

நீங்க பயப்படாதீக. அந்தப் பொண்ணு கல்யாணத்துல வந்து மண்ண வாரித் தூத்த மாட்டா. எங்க ஊர்ல அம்மனே தவசு இருந்து ஒத்தக்கால்ல நின்னுதான சாமியப் பாத்தா. இவளும் நின்னு பாத்தா. காலு கடுத்துப் போச்சு, எறக்கிட்டா.

டம்ளர ஏன் கீழ வச்சுட்டீக? என்னைய அப்படிப் பாக்காதீக பெரியம்மா, எனக்கு அழுக வந்துரும். நான் கெட்டதா ரெண்டு வார்த்த சொன்னா நீங்க எந்திரிச்சுப் போயிருவீக. அடுத்தாப்புல ராஜபாளையத்துல இருந்து இன்னொரு சித்தி வருவாக. எத்தன பேருக்கு நான் சேர இழுத்துப் போட?

நல்லவன். நெசமாவே நல்லவன். தைரியமாக் குடுங்க. சிவப்ரியாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லி விடுங்க. கரண்ட் போயிட்டு வந்தா அவன எதிர்பாத்து நிக்க வேண்டாம், அவளே ஓடிப்போயி மெயின் சுவிட்ச அணச்சிரணும்னு.

பையக் கையில எடுத்துட்டீக. சிவகிரி பஸ்ஸு இப்ப இருக்கும், ஆட்டோ பிடிச்சா போயிரலாம். பாத்து எறங்குங்க, படி கொஞ்சம் ஒசரம்.

அந்தா, சத்தம் நின்னுட்டு. துணிய வெலக்கிப் பாக்கான். மேல பாக்காதீக பெரியம்மா. நீங்க வருவீகன்னு எனக்கு மொதல்லயே தெரியும். காலைல அவந்தான் மெசேஜ் போட்டிருந்தான். சிவகிரில இருந்து ஆளு வரும், எதிர்வீட்டுலதான் மொதல்ல கேப்பாக, நல்லவிதமாச் சொல்லிரு வேலு, உன்னயவிட என்னைய யாருக்குத் தெரியும்னு.

ஓகேன்னு போட்டுட்டேன். வேற என்னத்தப் போட?