ஹோல்டான்

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். இதை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள், அம்மணி. எழுபத்திரண்டு வயதில் ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது, முட்டி இரண்டும் மழைக்கு முன்பே சேதி சொல்லிவிடுகின்றன. காதுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. பாவாயி டீக்கடையில் கரண்டி கிளாசில் படும் சத்தத்தை வைத்தே சர்க்கரை எத்தனை போட்டாள் என்று சொல்லிவிடுவேன். நாக்பூர் ரோட்டில் ஒருமுறை, பின்சக்கரத்தில் ஆணி ஏறுவதற்கு ஒரு மைல் முன்பே அந்த ஆணியின் சத்தம் கேட்டு வண்டியை ஓரம் கட்டியிருக்கிறேன். நீங்கள் சிரிக்கவில்லை. பரவாயில்லை, டீக்கடையில் சிரிப்பார்கள்.

பேர் சுப்பையன். நாற்பது வருஷம் லாரி ஓட்டினேன். பெரும்பாலும் நாமக்கல் முட்டைதான் சரக்கு. வயசான பிறகு லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வண்டிகளை உள்ளே விடுவதும் வெளியே எடுப்பதும் என் வேலை. மீதி நேரம் பட்டறைக்கு எதிரே பாவாயி கடை பெஞ்சில் உட்கார்ந்து கதை சொல்வேன். ஒரு சித்திரை மாத வெயிலில் ஏற்றிப்போன முட்டை அத்தனையும் வழியிலேயே பொரிந்துவிட்டது, குவாலியரில் கதவைத் திறந்தால் எல்லாம் சேவலும் பெட்டையுமாக நிற்கிறது, பில்லில் முட்டை என்று போட்டிருந்ததால் இறக்க மாட்டேன் என்றுவிட்டார்கள், இத்தனை கோழியையும் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று சொல்வேன். பாவாயி கேட்பாள், "ஏனுங்ணா, அந்தக் கோழிகளுக்கெல்லாம் ரயில் டிக்கெட் எடுத்தீங்களா, நடத்தியே கூட்டியாந்தீங்களா?" நான் முகத்தைச் சுளிக்காமல், "முடியாததுங்களுக்கு மட்டும் டிக்கெட்" என்பேன். கதை என்றால் அவ்வளவுதான். அதில் யாருக்கும் ரத்தம் வந்ததில்லை.

பட்டறைக்குப் பக்கத்துக் கடை கமருன்னிசாவுடையது. லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் கடை. அவள் வீட்டுக்காரர் தாவூது என்னோடு பன்னிரண்டு வருஷம் இரண்டாம் டிரைவராக ஓடியவர். அவர் மஞ்சள் காமாலையில் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்துக்கோங்கண்ணா" என்றார். அன்றிலிருந்து அந்தத் தங்கச்சிக்கும் நான் அண்ணன். காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது, "சாப்பிட்டாச்சுங்களாண்ணா?" என்று ஒரு குரல் வரும். எனக்குப் பெண்டாட்டி போய்ப் பதினோரு வருஷம். என் மகன் திருப்பூரிலிருந்து பேசினால் என் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று கேட்பானே தவிர, சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டான். நாள் முழுவதும் என்னை அப்படிக் கேட்கிற ஒரே குரல் அதுதான். அந்தக் குரலுக்கு முகம் கிடையாது. கறுப்பு புர்கா, முகத்திரை, இரண்டு கண். எனக்கு அதுவே போதும்.

அந்தத் தங்கச்சிக்கும் முட்டி வலி. மெதுவாக, நெட்டுக்குத்தாக நடக்கும். போன வருஷம் நோன்பு மாதத்தில் ஒருநாள் ரோட்டைக் கடந்து போனது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ, "ஏனுங்க இந்தம்மா இப்படி அன்னநட போடுது?" என்றார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா. நான் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னேன்: "அங்கிக்குள்ள மூணு தட்டு முட்டை இருக்குதுடா. தட்டுக்கு முப்பது. சேந்தமங்கலம் ரோட்டுப் பண்ணையிலிருந்து ஒண்ணுகூட ஒடையாம நடந்தே கொண்டாந்துரும். கூடவே ஒரு கோழியும் உள்ள நடக்குது. அதுவும் நோன்புக் கோழி. பகல்ல முட்டை போடாது. சாயங்காலம் பாங்கு சொன்னாத்தான் போடும்."

பெஞ்சு உடையும் அளவுக்குச் சிரித்தார்கள். பாவாயி மட்டும் சிரிக்கவில்லை. "உங்க வாய்க்கு ஒரு பூட்டுப் போடோணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சிரித்தவர்களில் சரவணக்குமாரும் ஒருவன்.

சரவணக்குமார் எங்கள் பட்டறையில் லாரிக்குப் படம் எழுதுகிறவன். நல்ல கை. அவன் வரைந்த புலி முன்னால் நாய் நின்று குரைக்கும். நான் சொல்வதை நம்பவில்லை என்றால் நாயைத்தான் கேட்க வேண்டும். ஒரு முட்டை லாரிக்குப் பின்கதவில் ஏதாவது புதுசாகப் போடு என்று ஓனர் சொல்லியிருக்கிறார். அவன் என் கதையைப் போட்டுவிட்டான். கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண், ஒரு கையால் ஓரத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். உள்ளே தட்டுத் தட்டாக முட்டை. நடுவில் தொப்பி வைத்த ஒரு கோழி. முகத்திரைக்கு மேலே ஒரு கண் சிமிட்டுகிறது. கீழே கொட்டை எழுத்தில்: ‘உள்ளே முட்டை இருக்கு, ஹாரன் அடி’.

அந்த லாரி கேரளாவுக்கும் நாமக்கல்லுக்கும் நடையாய் நடந்தது. படத்தைப் போனில் பிடித்தார்கள், அதற்குப் பாட்டுப் போட்டு விட்டார்கள். பள்ளிவாசலிலிருந்து நாலு பேர் வந்து ஓனரிடம் முறையாகப் பேசிப் பார்த்தார்கள். அவர், "கலைங்க, கலையக் கலையாப் பாருங்க" என்றார். எங்கள் தெருவில் புர்காவோடு நடக்கிற தார்ப்பாய்க்காரி ஒருத்திதான் என்பதால் படத்தில் இருப்பது யார் என்று ஊருக்கே தெரிந்துபோயிற்று. அதன்பிறகு அந்தத் தங்கச்சி ரோட்டில் கால் வைத்தால் ஹாரன் அடிப்பார்கள். பைக்குக்காரன், ஆட்டோக்காரன், பள்ளிக்கூட வேன்காரன்கூட. கைகாட்டிச் சிரிக்கமாட்டார்கள், வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஹாரன் மட்டும். யார்மீது புகார் கொடுப்பது? ஹாரன் அடிப்பது குற்றமா, அம்மணி?

கோழிப்பண்ணையில் லோடு ஏற்றுகிற ஒருவன் மட்டும் அதற்கு மேலே போனான். குச்சியை விட்டு புர்காவின் ஓரத்தைத் தூக்கி, "இன்னைக்கு எத்தன தட்டுங்க்கா?" என்றான். நான் வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் முட்டிக்குக் கீழே ஓர் அடி கொடுத்தேன். எலும்பு காய்ந்த முருங்கைக் கொம்பு மாதிரி முறிந்தது. கீழே கிடந்தவன் என்னைப் பார்த்து, "நீங்க சொன்ன கதைதானுங்களே!" என்றான். அதற்காகத் தாடையில் இன்னோர் அடி. ஆறு வாரம் கஞ்சிதான் என்று டாக்டர் சொன்னாராம். வண்டியிலிருந்து விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள். அவன் பிறகு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நல்ல பையன்தான்.

போன சனிக்கிழமை பகல், ஒரு மினிபஸ் அந்தத் தங்கச்சியின் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரனை அழுத்திப் பிடித்தது. பதறி விலகியதில் சாக்கடைக் கல்லில் விழுந்து வலது கை ஒடிந்துவிட்டது. நான்தான் தூக்கி உட்கார வைத்தேன். விழுந்ததில் முகத்திரை விலகியிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒடிந்த கையை விட்டுவிட்டு மற்றக் கையால் அது முதலில் திரையைத்தான் சரிசெய்தது. பிறகு சொன்னது: "படம் போட்டவரு மேலகூட எனக்குக் கோவமில்லீங்ணா. இந்தக் கதைய மொதல்ல சொன்னது யாருன்னு தெரிஞ்சாப் போதும். ஒண்ணும் பண்ணமாட்டேன். ஏன்னு மட்டும் கேப்பேன்."

விசாரிக்கிறேன் என்று சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் சரவணக்குமாரைப் பிடித்தேன். அவனும் சனிக்கிழமை விஷயத்தைக் கேள்விப்பட்டு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை என்றான். "அழிச்சர்றேனுங்க மாமா. ஓனர் திட்டுனாத் திட்டட்டும். புதன்கிழமை வண்டி வருது, வந்ததும் சுரண்டிட்டு ஒரு தாமரையப் போட்டு உட்டர்றேன். அந்தக்காகிட்டயும் போயி மன்னிப்புக் கேக்கோணும். நீங்களும் வாங்க."

"நான் எதுக்குடா?" என்றேன்.

"கதை உங்களுதுங்களே, மாமா."

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. என்னை மாட்டிவிட வேண்டும் என்ற எண்ணமும் அவனுக்கு இல்லை. பெயிண்ட் டப்பா உங்களுடையது, எடுத்துக்கொள்ளுங்கள் என்பது மாதிரிச் சொன்னான். நியாயமாக யோசித்துப் பாருங்கள். நான் வாயால் சொன்னது காற்றோடு போயிருக்கும். அதைக் கதவில் எழுதி ரெண்டு மாநிலத்துக்கு ஓட்டியது யார்? எழுதியவனை விட்டுவிட்டுச் சொன்னவனைப் பிடிப்பது எந்த ஊர் வழக்கம்? ஒரு பொம்பளையின் உடுப்பைத் தூக்கிக் காட்டியவனுக்குத் தண்டனை வேண்டாமா? திங்கட்கிழமை பூராவும் இதைத்தான் யோசித்தேன். பள்ளிவாசல்காரர்கள் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தால் நீங்களும் கலை என்பீர்கள். அண்ணன் என்று ஒருவன் இருந்து என்ன பயன்?

செவ்வாய்க்கிழமை அந்தத் தங்கச்சி கட்டுப் போட்ட கையோடு கடைக்கு வந்திருந்தது. இடது கையால் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, "சாப்பிட்டாச்சுங்களாண்ணா?" என்றது. பிறகு, "வெய்யிலா இருக்குது, உள்ள வந்து உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்" என்றது. எனக்குப் பட்டறையில் வேலை இருந்தது. இல்லை, வேலை ஒன்றும் இல்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை பத்தரை மணி. முட்டை லாரி பட்டறைக்குள் நின்றது, காலியாக. சரவணக்குமார் சுரண்ட ஆரம்பித்துப் பாதி முடித்திருந்தான். கோழி போய்விட்டது, முட்டைத் தட்டுகள் போய்விட்டன, எழுத்து போய்விட்டது. கறுப்பு அங்கியும் கண்ணும் மட்டும் மிச்சம். இப்போது பார்த்தால் அது நிஜமாகவே கமருன்னிசா மாதிரி இருந்தது.

"மாமா, வெய்யில் கண்ணக் கூசுது. வண்டியச் செவுத்து நெழலுக்குப் பின்னாடி எடுத்துக் குடுங்க" என்றான்.

லாரி பின்னால் போகும்போது டிரைவருக்குக் கண் கிடையாது. பின்னால் நிற்கிறவனின் வாய்தான் கண். அவன் ‘வரட்டும்’ என்றால் வர வேண்டும். ‘ஹோல்டான்’ என்று சொல்லிப் பாடியில் இரண்டு தட்டுத் தட்டினால் நிற்க வேண்டும். நாற்பது வருஷத்தில் நான் அந்தச் சொல்லை ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. தாவூது ‘ஹோல்டான்’ என்று சொல்லி நான் நிறுத்திய இடத்தில், பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே நாலு விரல்தான் இருக்கும். அந்த நாலு விரலில்தான் நாங்கள் இரண்டு பேரும் பிழைத்தோம். இது டீக்கடைக் கதை இல்லை.

ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன்.

"வரட்டும்... வரட்டும்... ரைட்டுல ஒடிங்க மாமா... வரட்டும்..."

நல்ல குரல் அவனுக்கு. கதவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, மறுபடி சுரண்டுவதற்குத் தோதாக இடம் பார்த்தான் போலிருக்கிறது.

"ஹோல்டான்!"

இரண்டு தட்டு. கேட்டது.

"ஹோல்டானுங்க மாமா! மாமா!"

அதுவும் கேட்டது. தட்டுவது இரண்டோடு நிற்கவில்லை, ஏழெட்டு இருக்கும். பிறகு ‘ஹோல்’ என்று ஒரு பாதி. மீதிப் பாதிக்கு அவனிடம் மூச்சு இல்லை. சுவரில் ஹாலோ பிளாக் இரண்டு பெயர்ந்து விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் பிரேக்கை மிதித்தேன்.

இறங்கிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் வண்டி கோணலாக நின்றது. கோணலாக நிறுத்தி எனக்குப் பழக்கம் இல்லை. கொஞ்சம் முன்னால் எடுத்து, ஸ்டியரிங்கை நேராக்கி, இன்னொரு முறை பின்னால் விட்டேன். இந்த முறை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு முன்னால் எடுத்து நிறுத்தி, இஞ்சினை அணைத்துச் சாவியைப் பாவாயி கடை மேசையில் வைத்தேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாள். பட்டறையில் கூட்டம் சேர்ந்துவிட்டது, யாரும் கிட்டே போகவில்லை. கமருன்னிசாதான் ஒரு புதுத் தார்ப்பாயை இடது கையால் இழுத்துக்கொண்டு வந்தது. ஒற்றைக் கையால் அதை விரிக்க முடியவில்லை. ஒரு மூலையைக் காலால் மிதித்துக்கொண்டு மறு மூலையை இழுத்து அவன்மேல் போர்த்தியது, முகத்தை முதலில். கதவில் இருந்த கண்ணும் அதன் கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தன. நான் உதவிக்குப் போனேன். உன் மானத்துக்காகத்தான் தாயி என்று சொல்லலாம் என்று இருந்தேன்.

"தள்ளி நில்லுங்க, பெரியவரே" என்றது.

பதற்றம் பாருங்கள். அண்ணா என்று சொல்வதற்குக்கூட அதற்கு நிதானம் இல்லை. ரத்தத்தைப் பார்த்தால் பெண்பிள்ளைகளுக்கு அப்படித்தான். நாலு நாள் போனால் சரியாகிவிடும்.

ஆகவே, அம்மணி, கொன்றது நான்தான். தெரிந்துதான் செய்தேன். தூக்கில் போட்டாலும் சரி, உள்ளே வைத்தாலும் சரி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த நோன்புக் கோழிக் கதை இந்தக் காகிதத்தில் வேண்டாம். கோர்ட்டில் படிப்பார்கள், அந்தத் தங்கச்சி காதில் விழும். அதன் மனசு கஷ்டப்படும்.

என்ன சொல்கிறீர்கள்? அந்தத் தங்கச்சி ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டதா?

அந்தக் காகிதத்தை இன்னொரு முறை படியுங்கள். ‘திங்கட்கிழமை சாயங்காலம் சரவணக்குமார் என் கடைக்கு வந்து அழுதார். கதையைச் சொன்னவர் சுப்பையண்ணன் என்றார். நான் சரவணக்குமாரை மன்னித்து அனுப்பினேன். மறுநாள் சுப்பையண்ணனை உள்ளே உட்காரச் சொன்னேன், அவர் உட்காரவில்லை.’ இதன் கீழே இருப்பது கமருன்னிசாவின் கையெழுத்தா? வலது கை ஒடிந்திருக்கிறதே. ஓ, இடது கையால் போட்டதா. அதுதான் கோணலாக இருக்கிறது.

அப்படியானால் செவ்வாய்க்கிழமை எல்லாம் தெரிந்துகொண்டுதான் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டது.

இருக்காது. அன்றைக்குக் கேட்க நினைத்தது வேறு ஏதாவது இருக்கும். தார்ப்பாய் விஷயமாக இருக்கும்.

மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கட்டும், அம்மணி. முதல் வரியை மட்டும் அடித்துவிடுங்கள். வயசு எழுபத்திரண்டு, காது சுத்தமாகக் கேட்பதில்லை என்று போடுங்கள். அவன் ஹோல்டான் என்றது அண்ணன் காதில் விழவில்லையாம் என்று அந்தத் தங்கச்சியிடம் யாராவது போய்ச் சொன்னால் போதும். என் கதையை இதுவரைக்கும் யாரும் நம்பாமல் இருந்ததில்லை.